ஸ்பிரிங் கம்பெனியின் பின்பக்கச் சுவர்

எனக்கு வலது எது, இடது எது என்று இன்றுவரை சட்டென்று தெரியாது. யாராவது "ரைட்ல திரும்புங்க" என்றால், மனதுக்குள் ஒரு தட்டுச் சோற்றை வைத்து, சாம்பார் ஊற்றி, பிசைந்து பார்த்து, பிசைந்தது எந்தக் கையோ அந்தப் பக்கம் திரும்புவேன். அதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும். ஃபின்லாந்தில் தாம்பரே என்ற ஊரில் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். இன்னமும் லிஃப்டை விட்டு இறங்கியதும் எதிர் வீட்டுக் கதவில்தான் சாவியைப் போடுகிறேன். அந்த வீட்டுக்காரர் இப்போதெல்லாம் கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் வீட்டைக் கையால் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான், பல நாட்டுக் குழந்தைகள் வழி கண்டுபிடிக்க எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராயச் சொல்லி ஒரு பல்கலைக்கழகம் விமானம் ஏற்றியது. காரணம், என் பேராசிரியர் ஹெலெனாவுக்குத் தெரிந்த ஒரே தமிழன் நான். "உன் ஊர்தானே" என்றார். என் ஊர் அம்பாசமுத்திரம். ஸ்ரீபெரும்புதூர் எனக்கு ஃபின்லாந்தை விடக் கொஞ்சம் கூடுதலான வெளிநாடு. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு ஊரின் பிள்ளைகள் நன்றாக இருந்திருப்பார்கள்.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதாததன் காரணம் போகப்போகத் தெரியும்.

முதல் நாளே வழி தவறினேன். காலையில் லாட்ஜ் வாசலில் நின்றபோது வெள்ளைப் பேருந்து ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. திறந்த கதவில் ஏறுவது என் பழக்கம். உள்ளே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர்கள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்காத ஒருவன் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் இந்தியில் தன் தாயிடம் பேசிக்கொண்டிருந்தான். "சாப்பிட்டேன். இல்லை, ரொட்டி இல்லை, சோறு. ஆமாம், காலையிலும் சோறுதான். அழுகையெல்லாம் இல்லை, சளி." அரை மணி நேரம் கழித்து ஒரு பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

"ஐடி எங்க?" என்றார் காவலர்.

"இல்லை. நான் ஆராய்ச்சிக்கு வந்தவன்."

"ஆர் அண்ட் டியா? அது ரெண்டாவது கேட்டு, போ."

இரண்டாவது கேட்டிலும் என்னை உள்ளே விடத் தயாராகத்தான் இருந்தார்கள். படிவத்தில் கேட்ட ரத்த வகை தெரியாததால் தப்பித்தேன். என்னை மீட்க வந்தவர் ஆட்டோக்காரர் ஏழுமலை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஒன்பது நாளும் எனக்கு அவர்தான் கண்.

"எல்லா கம்பெனி வண்டியும் வெள்ளையாத்தான் சார் கீது. ஜனம் நம்பர் பாத்து ஏறுது. நீ இன்னாத்துக்கு கலர் பாத்து ஏறுன?"

"அவசரத்துல..."

"இன்னா வேலைக்கு சார் வந்துகீற?"

சொன்னேன். ஏழுமலை ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஒலி எழுப்பியதும்தான் கிளப்பினார்.

அந்த ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஒரு பக்கம், அரசு நடுநிலைப் பள்ளி மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலை, பல ஏக்கருக்கு மதில் கட்டி உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கும் பள்ளிக்கும் நேராக நடந்தால் கால் மணி நேரம். மதில் வந்த பிறகு நேராக நடக்க முடியாது. நான்கு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு, கண்டெய்னர்கள் ஓடும் சாலையில், நடைபாதை என்ற ஒன்று இல்லாமல் போகவேண்டும். அந்த ஊரிலிருந்து பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள்தான் என் ஆராய்ச்சி.

தலைமையாசிரியர் ரூத் டீச்சர் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திக் கொடுத்தார். முதல் சோதனை எளிது. கண்ணைக் கட்டிவிட்டு, "உன் வீடு எந்தப் பக்கம்? ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்கவேண்டும். பிள்ளை கையை நீட்டும். நான் போனில் உள்ள திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொள்வேன். தாம்பரேயில் இதே சோதனையைச் செய்திருக்கிறேன். அங்கே ஏழு வயதுக் குழந்தை கழுத்தில் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பனியில், காட்டுக்குள் புகுந்து தனியாகப் பள்ளிக்குப் போகும். காட்டில் வழி காட்டும் பலகைகூட உண்டு. அப்படி வளர்ந்த பிள்ளைகளே கொஞ்சம் யோசித்துத்தான் கையை நீட்டினார்கள்.

இங்கே பதினோரு கையும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே திசையில்தான். "வடக்கால தள்ளி நில்லுடி, நெழல் வேணும்." "என் பென்சிலு உனக்கு மேற்கால கீது பாரு." கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டும் மோனிஷா என்ற ஏழாம் வகுப்புப் பெண் தன் வீட்டை நோக்கி அம்பு மாதிரி கையை நீட்டினாள். கை தொழிற்சாலை மதிலுக்கு நடுவில் குத்தி நின்றது. கட்டை அவிழ்த்ததும் என்னைக் கேட்டாள்.

"சார், உங்க லாட்ஜு எந்தப் பக்கம்?"

நான் சோறு பிசைந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் காட்டினேன்.

"அது காஞ்சிபுரம் சார்."

பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து ஜிபிஎஸ் வாட்ச். பிள்ளை போகிற வழியெல்லாம் அதில் பதிவாகி என் மடிக்கணினியில் கோடாக வரும். அதற்கு முன்னால் ஓர் ஒப்புதல் படிவம் வாசிக்கவேண்டும். நானே மொழிபெயர்த்தது. "தங்களிடமிருந்து பெறப்படும் தகவல்கள் யாவும் இரகசியமாகப் பேணப்படும்" என்று செய்தி வாசிப்பது போல வாசித்தேன்.

மோனிஷா கை தூக்கினாள். "ரகசியம்னா யார் யார் கிட்ட சொல்லுவீங்க சார்?"

"யார் கிட்டயும் இல்லம்மா."

"அப்ப எதுக்கு எழுதிக்கினு போறீங்க?"

ரூத் டீச்சர் அவளை உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை லாட்ஜில் நாஷ்டா. அந்தப் பகுதியில் லாட்ஜ் என்றால் ஒரு பக்கம் இட்லி, வடை. மறு பக்கம் கொரியப் பொறியாளர்களுக்காகப் புளித்த முட்டைகோஸ். நான் இரண்டையும் ஒரே தட்டில் வாங்கி, எதை எதில் தொட்டுக்கொள்வது என்ற குழப்பத்தில் வடையை முட்டைகோஸில் முக்கித் தின்றுகொண்டே கணினியைத் திறந்தேன். கோடுகள் வந்திருந்தன. பதினோரு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் இருந்தார்கள். பத்தடி நடந்தார்கள், நின்றார்கள், வட்டம் அடித்தார்கள், மீண்டும் நின்றார்கள். எந்த நாட்டுக் குழந்தையிடமும் பார்க்காத நடை. வியப்பில் வடை தொண்டையில் சிக்கியது.

ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரையில் பதினோரு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கழுத்துக்கு ஒரு வாட்ச். ஒரு ஆடு மட்டும் பக்கத்து ஆட்டின் வாட்ச்சைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

"சயின்ஸு நல்லா வளந்துகினு வருது சார்," என்றார் ஏழுமலை.

சாயங்காலம் பள்ளி விட்டதும் மோனிஷாவைக் கேட்டேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எவ்ளோ நடக்குதுன்னு பாக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. ஆடு நல்லா நடக்கும்."

"உண்மையைச் சொல்லு. ஏன் கட்டிக்கலை?"

பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம், "அத்த கட்டிக்கினு போனா வழி தெரிஞ்சிடும் இல்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் சாலையைச் சுற்றி வரவில்லை என்று. என் ஆராய்ச்சி மூளை விழித்துக்கொண்டது. அது வருடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கும், விழித்தால் விவஸ்தை இருக்காது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

"யார் மேல சத்தியம்?"

"என் மேல."

"உங்க மேலயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேற யாராச்சும் சொல்லுங்க சார்."

என் அம்மா மேல் சத்தியம் செய்தேன். அம்மா அம்பாசமுத்திரத்தில் நலமாக இருக்கிறாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை மோனிஷாவின் வீட்டுக்குப் போனேன். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவளுடைய அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இல்லை. அம்மா சுமதி போன் கம்பெனியில் வேலை. அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அரிசி களைந்துகொண்டிருந்தார். டீயும் பன்னும் கொடுத்தார். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் தராமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க நாத்தனார் மவன் போன வருசம் அந்த ரோட்டுலதான் சார் லாரியில அடிபட்டான். கால் போயிடுச்சு. ரெண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போறோம், கொண்டாந்து வுட ஆள் இல்ல. புள்ளைங்க எப்படியோ போவுதுங்க, வருதுங்க. நான் எதையும் கேட்டுக்கறதில்ல. ரோட்டு வழியாத்தான் போவணும்னு ஒரு நாள் வந்துச்சின்னு வெச்சிக்கோ, அன்னியோட இவ படிப்பு முடிஞ்சிது. அந்த ரோட்டுல வுட மாட்டேன்."

மோனிஷா கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பன்னை டீயில் நனைத்தேன். நனைத்த பாதி டீக்குள் விழுந்தது.

வியாழக்கிழமை காலை என்னைக் கூட்டிப்போனார்கள். ஏரிக்கு நீர் வந்த பழைய கால்வாய் ஒன்று மதிலுக்கு அடியில் போகிறது. இப்போது தண்ணீர் இல்லை. அந்த இடத்தில் மதிலில் ஓர் ஓட்டை. பிள்ளைகள் ஒவ்வொருவராக மீன் போல வழுக்கிக்கொண்டு நுழைந்தார்கள். நான் பாதியில் சிக்கினேன்.

"சார், மூச்ச வுடுங்க."

"விட்டுட்டேன்."

"மொத்தமா வுடுங்க சார்! யம்மா, இன்னா சாப்ட்டாரு இவரு?"

முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் மூன்று பேர் தள்ள, சட்டைப் பொத்தான் இரண்டை ஸ்பிரிங் கம்பெனிக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய் விழுந்தேன்.

உள்ளே தைல மரங்கள், உடைந்த மரப்பெட்டிகள், கேன்டீனின் பின்பக்கம். அங்கே ஒரு காவலர் நாற்காலியில் இருந்தார், பீகார்க்காரர். காலை ஷிஃப்ட்டின் சங்கு ஊதியதும் எழுந்து, நாற்காலியை எங்களுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். போனை எடுத்து இந்தியில் யாரிடமோ சொன்னார்: "இங்கேயா? இங்கே யார் இருக்கிறார்கள்? மரம்தான் இருக்கிறது." அவர் முதுகுக்குப் பத்தடி தூரத்தில் பன்னிரண்டு மரங்கள் வரிசையாக நடந்து போயின. அதில் ஒரு மரத்துக்குத் தொப்பை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட எந்தச் சாக்கடை மூடியில் கால் வைத்தால் சத்தம் வரும் என்று தெரிந்து தாண்டியது. சாம்பார் வாசம் குறையும் இடத்தில் வளையவேண்டும், எந்திரத்தின் 'தடக் தடக்' இடது காதுக்கு வரும்போது நேராகப் போகவேண்டும். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுபுறம் முள்வேலியில் ஓர் இடைவெளி, அதைத் தாண்டினால் பள்ளியின் கழிப்பறைச் சுவர். நான் புல்லரித்துப் போனேன். இதை எந்த நாட்டிலும் யாரும் பதிவு செய்யவில்லை. கட்டுரையில் என் பெயர் முதலில் வருமா, ஹெலெனாவின் பெயர் முதலில் வருமா என்று அந்தக் கழிப்பறைச் சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

அன்று பிள்ளைகள் வாட்ச்சைக் கட்டிக்கொண்டார்கள். பதினோரு கோடுகளும் வந்தன.

வெள்ளிக்கிழமை ரூத் டீச்சர் ஒரு வேலை சொன்னார். பள்ளிக்குப் பெஞ்சும் கழிப்பறையும் கட்டிக்கொடுத்தது ஸ்பிரிங் கம்பெனிதான். "ஒரு மரியாதைக்கு அங்கே தலையைக் காட்டிட்டு வந்துடுங்க சார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கீங்க, சந்தோஷப்படுவாங்க."

தலையை மட்டும் காட்டியிருக்கலாம்.

அங்கே நிர்வாக மேனேஜர் நயினார். நான் "வணக்கம்" சொன்ன தினுசிலேயே நிமிர்ந்தார்.

"அண்ணாச்சிக்கு எந்தூரு?"

"அம்பாசமுத்திரம்."

"அட! நான் கல்லிடைக்குறிச்சி! ஆத்துக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்க! எப்ப வந்திய? சாப்ட்டியளா?"

ஒரு தமிழனை இதைவிடச் சுலபமாக வீழ்த்த வேறு ஆயுதம் கிடையாது. ஒன்பது வருடமாக யாரும் என்னை "சாப்ட்டியளா" என்று கேட்கவில்லை. கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். தண்டலத்தில் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து அன்று சொதி கொடுத்தனுப்பியிருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். முதல் கவளத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கவளத்தில் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. பதினோரு கோடு. ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை. எப்படி வளைஞ்சு போவுது பாத்தியளா?"

நயினார் பார்த்தார். கோடுகள் எங்கே போகின்றன என்று பார்த்ததும் தட்டைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தட்டா?"

"இல்ல அண்ணாச்சி, இந்த இடத்துலதான் சுவருக்கு அடியில..."

"ஆத்துல தண்ணி நல்லாப் போவுதாம்லா இப்ப? ஊருக்குப் போவியளா?"

இரண்டு முறை பேச்சை மாற்றினார். மூன்றாவது முறை எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நல்ல மனிதர், கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

அன்று மாலை நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஃபின்லாந்தில் ஒன்பது வருடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எதையும் ஒளிக்காமல், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகல் போடவேண்டும். அங்கே அது நாகரிகம். எனவே நயினாருக்கும், கம்பெனி வலைத்தளத்தில் பெயர் கிடைத்த ஆலைத் தலைவருக்கும், பாதுகாப்புப் பிரிவுக்கும், ஹெலெனாவுக்கும் அனுப்பினேன். உங்கள் வளாகத்தில் குழந்தைகள் காட்டும் அபாரமான வழியறியும் திறனுக்கு உலகம் உங்களைப் பாராட்டும் என்று எழுதினேன். படத்தை இணைத்தேன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியவேண்டும் இல்லையா? சிவப்பு வட்டம் போட்டேன்.

பிள்ளைகளின் பெயரை எழுதவில்லை. ரகசியத்தைப் பேணிவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வல்லக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். ஆளைவிட உயரமாக நிற்கிறார் முருகன். "கேட்டத குடுப்பாரு சார், உஷாரா கேளு," என்றார் ஏழுமலை. கட்டுரையில் என் பெயர் முதலில் வரவேண்டும் என்று கேட்டேன். தொன்னையில் கொடுத்த பொங்கலைத் தின்றேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய், மிளகாய்த்தூள் பூசிப் பொரித்த மீனையும் தின்றேன். கோயிலுக்குப் போன நாளில் மீன் சாப்பிடலாமா என்று ஏழுமலை கேட்டார். அதுதான் அந்த வாரத்தின் பெரிய பாவம் என்று நான் பயந்தேன்.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்து, இட்லியைப் பிட்டேன். பதினோரு புள்ளிகளும் ஊரிலிருந்து கிளம்பி, கால்வாய் வழியாக மதிலுக்கு வந்தன. நின்றன. ஒன்றுமே நகரவில்லை. ஒன்பது நிமிடம். பிறகு சில புள்ளிகள் மதிலை ஒட்டிக் கிழக்கே போயின, திரும்பி வந்தன. சில மேற்கே போயின, திரும்பி வந்தன. பிறகு எல்லாம் ஊருக்குத் திரும்பின. ஏழாம் எண் வாட்ச் மட்டும் அங்கேயே இன்னும் இருபது நிமிடம் நின்றது. ஏழாம் எண் மோனிஷா.

ஏழுமலையோடு போய்ப் பார்த்தேன். ஓட்டையில் இரும்புக் கம்பி வைத்து சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் காயவில்லை. மேலே புதிய பலகை: பாதுகாப்பே முதன்மை, அத்துமீறி நுழையாதீர். மதிலின் மேல் விளிம்பில் கண்ணாடிச் சில்லும் பதித்திருந்தார்கள். இரண்டு நாளில் இவ்வளவு வேலை. அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட அவர்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்றாம். உள்ளே பீகார்க்காரர் இல்லை, நாற்காலியும் இல்லை. வேறு ஒருவர், மதிலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஏழுமலை சிமென்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குத் திரும்பினார்.

பள்ளிக்குப் போனேன். பதினோரு இடமும் காலி. ரூத் டீச்சர் என்னை நிற்கவைத்துப் பேசினார்.

"எட்டு வருஷமா எனக்குத் தெரியும் சார். தெரியாத மாதிரி இருந்தேன். பெத்தவங்களுக்குத் தெரியும், அந்த வாட்ச்மேனுக்குத் தெரியும். எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தோம். அதுவும் ஒரு வேலைதான் சார், தினம் செய்யணும். நீங்க ஒரே நாள்ல எல்லாருக்கும் தெரியவெச்சிட்டீங்க."

"டீச்சர், நான் பாராட்டித்தான்..."

"படிச்சவர்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை நயினாரைப் பார்க்கப் போனேன். இந்த முறை கேன்டீன் இல்லை. வரவேற்பறையில் நிற்கவைத்தே பேசினார். ஊர்ப் பேச்சு மட்டும் மாறவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய அண்ணாச்சி? மூணு வருசமாத் தெரியும். ஆடிட்டுக்கு வாரவங்கள ஒருநாளும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனதில்ல. கண்ணு மங்கினவனாப் பாத்து அங்கன டூட்டி போட்டதே நான்தான். நீங்க சிவப்பு வட்டம் போட்டு ஹெட் ஆபீஸ் வரைக்கும் அனுப்பிட்டிய. எழுத்துல வந்த பொறவு நான் எதைத் தெரியாதுங்கது?"

"திறந்துவிட முடியாதா?"

"அடைக்க நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். தொறக்கணும்னா ஏழு பேரு போடணும். வேன் கேட்டு மீட்டிங்ல வைக்கேன். பொறக்கிற வருசத்துக்குப் பாப்பாங்க." வாசல்வரை வந்தார். "உங்களப் பாராட்டி எங்க ஆலைத் தலைவரு உங்க புரொபசர் அம்மாவுக்கு மெயில் போட்டிருக்காரு. பாதுகாப்புக் குறையச் சுட்டிக்காட்டினதுக்கு."

மெயில் வந்திருந்தது. ஹெலெனா அதற்கு மேலே ஒரு வரி சேர்த்து எனக்கு அனுப்பியிருந்தார்: அருமை, நம் ஆய்வுக்கு உடனடிச் சமூகப் பயன்.

சாயங்காலம் சுமதியின் வீடு. டீ கொடுத்தார். அவர்கள் அப்படித்தான், யார் வந்தாலும் டீ. பன் இல்லை.

"சொன்னனே சார். அந்த ரோட்டுல வுட மாட்டேன். வாலாஜாபாத்துல எங்க சின்னம்மா பொண்ணு வூடு கீது. அவளுக்குக் கைக்கொழந்த. இவள அங்க வுட்டா கொழந்தயப் பாத்துக்கும். அங்கயே ஒரு ஸ்கூல்ல சேக்கறேன்னு சொல்றா." கொஞ்சம் நிறுத்தி, "சேத்தா," என்றார்.

"எப்போ?"

"வர்ற ஞாயித்துக்கெழம. அதுவரைக்கும் வூட்லயே கெடக்கட்டும்."

மோனிஷா வாட்ச்சைக் கழற்றி, டிவி மேல் கவிழ்த்து வைத்தாள். மற்ற பத்து வாட்ச்சும் அங்கே ஒரு பாலிதீன் பையில் ஏற்கெனவே இருந்தன. அவளே வீடு வீடாகப் போய் வாங்கி வைத்திருக்கிறாள். தன் வாட்ச்சையும் அதில் போட்டுப் பையை என் கையில் கொடுத்தபோதும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏதாவது தமாஷாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் எல்லா இக்கட்டையும் அப்படித்தான் தாண்டியிருக்கிறேன். ஆடு வாட்ச்சைத் தின்றதைப் பற்றி ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் பாதியில் நிறுத்தினேன்.

திரும்பும் வழியில் ஏழுமலையிடம், பிள்ளைகளைத் தினமும் ஆட்டோவில் ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டேன்.

"பதினோரு பேர ஏத்துனா மொதல் நாளே போலீஸ் புடிப்பான். சரி, ஒரு மாசம் ஓட்றேன்னு வெச்சிக்கோ. அப்பால? நீ அங்கேர்ந்து மெயில் போடுவியா?" என்றார். அவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை கிளம்பும் நாள். பெட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று காலையிலேயே பள்ளிக்குப் போனேன். சாலை நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தோம். கண்டெய்னர்கள், வெள்ளைப் பேருந்துகள், டேங்கர்கள். பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. மதில் பக்கமும் நின்று பார்த்தோம். சிமென்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

முதல் மணி அடிக்கும்போது பள்ளிக்குள் நுழைந்தேன். ஏழாம் வகுப்பில், ஜன்னலோர இடத்தில், மோனிஷா உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். மற்ற வகுப்புகளிலும் அவள் ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணினேன், அவளோடு சேர்த்து எட்டுப் பேர். ரூத் டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி, தலை நிமிராமல், எதுவுமே தெரியாத முகத்தோடு பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்.

மோனிஷாவின் சுடிதார் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. முன்கையில் புதிதாக ஒரு முள் கீறல், இன்னும் சிவப்பாக. கால்வாயில் தண்ணீர் இல்லை. சாலையில் நாயுருவி இல்லை. நான் பார்த்த வரைபடத்தில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் இடம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நிம்மதியோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்துவிட்டது. பேனாவையும் திறந்துவிட்டது.

ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மோனிஷா, இப்போ எந்த வழியா வந்தீங்க?"

அவள் நோட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"வர்ற வழியாத்தான் சார்."